ஐப்பசி, கார்த்திகை வானிலை: மலைச்சரிவும் பள்ளத்தாக்கும் அறிய வேண்டுவன

நமது வட்டாரத்தில் மழையைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. ஆயினும் மழையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு காரியம் செய்கிற சங்கங்கள் மிகச் சிலவே. புரட்டாசி பிறந்ததும் விதைக்கும் உரத்துக்கும் கடன் கேட்டு விண்ணப்பங்கள் வருகின்றன. தீபாவளிச் சரக்குக்கு நூல் கேட்டு நெசவாளர் வருகின்றனர். ஆனால் அடுத்த மூன்று மாதங்களில் வானம் எப்படி இருக்கக்கூடும் என்ற கேள்வி நிர்வாகக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறுவதே இல்லை. அக்கேள்வி இடம்பெற வேண்டும் என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

இங்கு நாம் எடுத்துக்கொள்ளும் பிரதேசம் நீலகிரி மலையும், அதன் கீழ்த்திசைச் சரிவும், அடிவாரத்தில் மேட்டுப்பாளையம், சிறுமுகை வழியாகப் பவானிசாகர் வரை செல்லும் பவானிப் பள்ளத்தாக்குமாகும். மேலே தேயிலையும் உருளைக்கிழங்கும் காரட்டும், கீழே வாழையும் மஞ்சளும் கரும்பும், அவற்றினிடையே தறிகள். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது ஒரே வானம். எனினும் அது எல்லோருக்கும் ஒரே மாதிரி பெய்வதில்லை.

1. இரு காற்றுகளும் மலையின் இரு முகங்களும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று மலையின் மேற்கு முகத்தில் மோதுகிறது. மோதிய காற்று மேலேறிக் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் தன் ஈரத்தைத் தாங்க முடிவதில்லை. அது மழையாகக் கொட்டுகிறது. தேவாலா, பந்தலூர், கூடலூர், அவலாஞ்சி ஆகிய இடங்கள் நனைவது இதனாலேயே. 2019 ஆகஸ்டு 8-ஆம் நாள் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. மலையைத் தாண்டி இறங்கும் காற்று வறண்டு வெப்பமடைவதால், அதே மாதங்களில் கீழ்த்திசையிலுள்ள நாம் பெரும்பாலும் மேகத்தைப் பார்க்கிறோமேயன்றி மழையைப் பார்ப்பதில்லை. இதையே மழை மறைவுப் பிரதேசம் என்பர்.

அக்டோபரில் காற்று திசை மாறுகிறது. வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்து, சமவெளியில் 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வரும் கீழைக்காற்று, இப்பொழுது மலையின் கிழக்கு முகத்தில் மோதுகிறது. கோத்தகிரியும் குன்னூரும் பர்லியாறும் நனைய வேண்டிய காலம் இது. தென்மேற்கில் மறைவாக இருந்த முகமே வடகிழக்கில் முன்முகமாகிறது. ஆகவே, "ஆடியில் மலையில் நல்ல மழை, இனி நமக்குக் கவலையில்லை" என்று கீழ்ச்சரிவில் உள்ளவர் சொல்வது பிழை. ஆடி மழை அணையை நிரப்பும். நம் மானாவாரி நிலத்தையும் கிணற்றையும் நிரப்புவது ஐப்பசி மழையே.

2. எவ்வளவு, எப்பொழுது?

தமிழ்நாட்டின் சராசரியைக் கொண்டால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஏறத்தாழ 44 சென்டிமீட்டர் மழை எதிர்பார்க்கப்படுகிறது. இதில் அக்டோபரில் சுமார் 17, நவம்பரில் 18, டிசம்பரில் 9 சென்டிமீட்டர். கடற்கரை மாவட்டங்கள் சராசரிக்கு மேலும், கோவை போன்ற உள்மாவட்டங்கள் சராசரிக்குக் கீழும் பெறுகின்றன. எனினும் கோவைக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி இம்மூன்று மாதங்களில்தான் கிடைக்கிறது என்பதை மறக்கலாகாது. பருவம் தொடங்கும் இயல்பான நாள் அக்டோபர் 20-ஐ ஒட்டியது. சில ஆண்டுகளில் அது முந்தும், சில ஆண்டுகளில் நவம்பர் பிறக்கும் வரை பிந்தும்.

இம்மழை நாள்தோறும் சீராகப் பெய்வதன்று. வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு தோன்றினால் நான்கைந்து நாள் மழை. அது நகர்ந்து மறைந்தால் பத்து நாள் வெயில். ஆதலால் பருவ மழையின் மொத்தம் இயல்பாக இருந்தும் பயிர் கெடலாம். மொத்தம் குறைந்தும் பயிர் தப்பலாம். மழை எந்த வாரத்தில் வந்தது என்பதே முக்கியம்.

கடற்கரையில் கரையேறும் புயல் நமக்குத் தொலைவிலுள்ள செய்தி என்று எண்ணுவதும் தவறு. 2018 நவம்பர் 16-இல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய 'கஜா' புயல், உள்நாட்டில் புகுந்து கொடைக்கானல் மலையிலும் மரங்களைச் சாய்த்தது. 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரி அருகே கரையேறிய 'ஃபெஞ்சல்' புயலின் மழை, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டராகக் கொட்டியது. புயல் கரையேறிய மறுநாள் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து எழுவர் இறந்தனர். புயலின் காற்று கரையில் தணிந்துவிட்டாலும், அதன் ஈரம் மலையைச் சந்திக்கும்போது மீண்டும் உயிர்பெறுகிறது.

3. முன்னறிவிப்பை வாசிக்கும் முறை

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-இல் நிறுவப்பட்டது. அத்துறை பருவத்துக்கு முன்பாக ஒரு நீண்டகால முன்னறிவிப்பை வெளியிடுகிறது. இதை வாசிப்பதில் நம்மவர் இரண்டு தவறுகள் செய்கின்றனர்.

முதல் தவறு, அது தம் ஊருக்குச் சொல்லப்பட்டது என்று கருதுவது. அம்முன்னறிவிப்பு தமிழ்நாடு, கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமை, தென் உட்கருநாடகம் ஆகிய ஐந்து வானிலைப் பகுதிகளையும் சேர்த்து எடுத்த சராசரிக்குரியது. நீண்டகாலச் சராசரியில் 88 முதல் 112 சதவீதம் வரை பெய்தால் அது 'இயல்பு' எனப்படும். ஐந்து பகுதிகளின் சராசரி இயல்பாக இருக்கும்போதே நமது பள்ளத்தாக்கு வறண்டு கிடக்கலாம். கோத்தகிரியில் சாலை அறுந்து போகலாம்.

இரண்டாம் தவறு, அதை வாக்குறுதியாகக் கொள்வது. பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கீழ்ப்பகுதியும் வழக்கத்துக்கு மேல் வெப்பமடைவதை 'எல் நினோ' என்றும், குளிர்வதை 'லா நினா' என்றும் அழைப்பர். பொதுவாக எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை கூடுதலாகவும், லா நினா ஆண்டுகளில் குறைவாகவும் பெய்யும் போக்கு உண்டு. 2015-இல் எல் நினோ, தமிழகத்தில் பெருமழை. 2016-இல் லா நினாவின் சாயல். பருவமழை இயல்பில் பாதியைக்கூட எட்டாமல் பொய்த்தது. இதுவரை விதி சரியாகவே இருக்கிறது. ஆனால் 2021-ஐப் பாருங்கள். அவ்வாண்டும் லா நினாவே. இந்தியப் பெருங்கடலின் குறியும் 2016-ஐப் போலவே மழைக்குப் பாதகமாக இருந்தது. ஆயினும் தமிழகத்தில் இயல்பைக் காட்டிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மழை பெய்தது. 2016-ஐ நினைத்து அவ்வாண்டு வடிகால் வெட்டாமல் இருந்தவர் நஷ்டப்பட்டிருப்பர்.

இதனால் முன்னறிவிப்பு பயனற்றது என்பதன்று. நூறு ஆண்டுகளில் எத்தனை ஆண்டுகள் எப்பக்கம் சாயும் என்பதை அது சொல்லும். இந்த ஓர் ஆண்டைப் பற்றி உறுதி கூறாது. ஆகவே நீண்டகால முன்னறிவிப்பைக் கொண்டு கடனையும் கையிருப்பையும் திட்டமிடுக. ஐந்து நாள் முன்னறிவிப்பைக் கொண்டு மருந்து தெளிப்பதையும் அறுவடையையும் பாவு போடுவதையும் திட்டமிடுக. அன்றைய எச்சரிக்கையைக் கொண்டு உயிரைக் காத்துக்கொள்க. வேளாண் வானிலை அறிவுரை வாரந்தோறும் செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாட்களில் வெளியாகிறது. நமது மாவட்டத்துக்குக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் இப்பணியைச் செய்துவருகிறது.

எச்சரிக்கைகளின் சொற்களையும் அறிந்திருத்தல் வேண்டும். 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை பெய்தால் 'கனமழை'. 12 முதல் 20 வரை 'மிகக் கனமழை'. அதற்கு மேல் 'அதி கனமழை'. நிறங்களில், பச்சைக்கு எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனித்திரு. ஆரஞ்சு என்றால் ஆயத்தமாயிரு. சிவப்பு என்றால் உடனே செயற்படு என்பது பொருள்.

4. மலைமேல் உள்ளோர் கவனத்துக்கு

2009 நவம்பர் 10-ஆம் நாள் குன்னூருக்கும் உதகைக்கும் இடைப்பட்ட கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தமிழகம் மூன்று மாதங்களில் பெறும் சராசரி மழையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஒரு பகலிலும் ஓர் இரவிலும் பெய்துவிட்டது. நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இதற்கு முன் 1978 நவம்பரிலும், மேட்டுப்பாளையம் - குன்னூர் சாலையில் மரப்பாலத்தருகே 1993 நவம்பரிலும் பெருஞ்சரிவுகள் நிகழ்ந்தன. மூன்றும் நவம்பர் மாதத்தவை என்பதைக் கவனிக்க. அக்டோபர் மழையில் ஊறி நிற்கும் மண்ணின்மேல் நவம்பர் மழை விழுகிறது. நிறைந்த குடத்தில் ஊற்றிய நீர் வழிவதைப் போல, ஊறிய சரிவு அடுத்த மழையில் இறங்குகிறது.

சரிவு பெரும்பாலும் சில அடையாளங்களைக் காட்டிவிட்டே இறங்கும். நிலத்தில் புதிய பிளவு, சாய்ந்த மரம் அல்லது கம்பம், சுவரில் திடீர் விரிசல், தெளிந்த ஊற்று கலங்குதல், இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புதல் ஆகியவற்றைக் கண்டால் உடைமையை எண்ணாமல் அகல வேண்டும். இயற்கை ஓடைகளை அடைத்து வீடோ காட்டுப்பாதையோ அமைக்கலாகாது. தோட்டத்து வடிகால்களைப் புரட்டாசிக்குள் தூர் வாருதல் வேண்டும்.

மூடுபனியும் தூறலும் தொடரும் நாட்களில் தேயிலைக்குக் கொப்புள நோயும், உருளைக்கிழங்குக்குப் பின்பருவக் கருகலும் விரைந்து பரவும். நாளை மழை என்று தெரிந்தும் இன்று மாலை மருந்து தெளிப்பது பணத்தை ஓடையில் விடுவதாகும்.

மழை ஓய்ந்து வானம் தெளிந்தவுடன் வேறோர் இடர் வருகிறது. தெளிந்த இரவில் நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழக்கிறது. குளிர்ந்த காற்று கனமானதாதலால் நீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. நவம்பர் முதல் உதகையைச் சுற்றியுள்ள பள்ளங்களில், குறிப்பாகத் தலைகுந்தா போன்ற இடங்களில், உறைபனி முதலில் விழுவதன் காரணம் இதுவே. ஒரே தோட்டத்தில் மேட்டுப் பாத்தி தப்பும். பள்ளத்துப் பாத்தி கருகும். ஆகவே இளங்கன்றுகளையும் நாற்றங்கால்களையும் பள்ளத்தில் வைக்க வேண்டாம். வைத்தே ஆக வேண்டுமாயின் இரவில் வைக்கோலோ தழையோ கொண்டு மூடுக.

5. பள்ளத்தாக்கில் உள்ளோர் கவனத்துக்கு

மேலே பெய்வது சில மணி நேரத்தில் கீழே வெள்ளமாக வருகிறது. பில்லூர் அணை நிறையும் தறுவாயில் நீர் திறந்துவிடப்படும்போது மேட்டுப்பாளையம், சிறுமுகைக் கரைகளில் எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. பவானிசாகர் அணையின் நீர்மட்டம் உயர்ந்த ஆண்டுகளில் அதன் பின்னீர் காந்தவயல் வரை பரவி, வாழைத் தோட்டங்களில் நிற்பதும் நாம் கண்டதே. ஆற்றோர வாழைக்குக் கடன் வழங்கும்போது நிலத்தின் மட்டத்தையும் விசாரிப்பது சங்கத்தின் கடமை.

மஞ்சளுக்கு இம்மாதங்கள் கிழங்கு பருக்கும் காலம். இரண்டு நாள் நீர் தேங்கினாலும் கிழங்கு அழுகல் தலைகாட்டும். பார்களை உயர்த்தி, வயலின் தாழ்ந்த மூலையில் வடிவாய் திறந்து வைப்பதே முதல் மருந்து. ஐப்பசிப் பிற்பகல்களில் இடி மின்னலுடன் மழை கூடும். அவ்வேளையில் திறந்த வயலிலும் தனிமரத்தடியிலும் நிற்றல் ஆகாது.

6. தறிக்கும் வானத்துக்கும் உள்ள சம்பந்தம்

மழையைப் பற்றிய கட்டுரையில் நெசவாளருக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். குழித்தறியில் கால் வைத்தவர் அவ்வாறு நினைக்கமாட்டார். நிலத்தடி நீர் உயர்ந்தால் தறிக்குழியில் நீர் ஊறுகிறது. அளவான ஈரம் பருத்தி நூலுக்கு வலுவூட்டும் என்பது உண்மையே. ஆனால் கஞ்சி போட்ட பாவு மிகுந்த ஈரத்தில் பிசுபிசுத்துப் பூஞ்சணம் பிடிக்கிறது. எல்லாவற்றிலும் மேலாக, பாவடியில் பாவை நீட்டிக் கஞ்சி தோய்த்துக் காயவைப்பதற்கு மழையற்ற காலைப்பொழுது வேண்டும்.

இதை நான் ஏட்டில் படித்து அறியவில்லை; தவறு செய்து அறிந்தேன். உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்கைப் பார்வையிட்டேன். புரட்டாசியில் பாவு இருப்பு வழக்கத்தைக் காட்டிலும் இரட்டிப்பாக இருந்தது. மூலதனம் முடங்கிக் கிடப்பதாகக் கருதி, 'தேவைக்கு மிஞ்சிய இருப்பு. தவிர்க்க' என்று குறிப்பு எழுதினேன். அடுத்த ஆண்டு நிர்வாகக் குழு அக்குறிப்புக்குக் கீழ்ப்படிந்தது. அவ்வாண்டு கார்த்திகையில் மூன்று வாரம் விடாத மழை. நான் சென்றபோது தெருவில் தறிச்சத்தம் இல்லை. கணக்குப் புத்தகத்தில் ஒரு பிழையும் இல்லை. முதிய நெசவாளர் ஒருவர் என்னிடம், "கணக்கெல்லாம் செரியாத்தானுங்க இருக்குது; தறிதானுங்க நிக்குது" என்றார். அவர் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. அதனாலேயே அச்சொல் இன்றும் மறக்கவில்லை.

பின்னர் கணக்கை வேறு விதமாகப் போட்டுப் பார்த்தேன். உதாரணமாக, ஒரு சங்கத்தில் 60 தறிகள் ஓடுவதாகவும், ஒரு பருத்திப் பாவு 15 நாள் வேலைக்குப் போதுமென்றும் வைத்துக்கொள்வோம். மழை தொடங்கும் நாளில் சராசரியாக ஒவ்வொரு தறியிலும் பாதிப் பாவு, அதாவது 7 நாள் வேலை மீந்திருக்கும். 20 நாள் பாவு போட இயலாவிடில், நாள் கூட்டிக் குறைத்துப் பார்த்தாலும் தறி ஒன்றுக்குப் பத்து நாளுக்குக் குறையாமல் வேலை நிற்கும். நாள் கூலி 400 ரூபாய் என்றால் 60 தறிகளுக்கும் இழப்பு 2,40,000 ரூபாய்.

இதற்கு மாறாக, தறிக்கு ஒரு பாவு வீதம் 60 பாவுகளை முன்கூட்டியே கஞ்சி போட்டு வைப்பதாகக் கொள்வோம். பாவு ஒன்றுக்கு 3,000 ரூபாய் என்றால் முடங்கும் தொகை 1,80,000 ரூபாய். ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில் இரண்டு மாதத்துக்கு வட்டி 2,700 ரூபாய். தறி ஒன்றுக்கு 45 ரூபாய். மீந்த 7 நாளோடு இந்தப் பதினைந்து நாளும் சேர்ந்து 22 நாள் ஆகிறது. 20 நாள் மழையைத் தறி தாண்டிவிடுகிறது. மழை பெய்யாமலே போனாலும் பாவு வீணாவதில்லை. பொங்கல் சரக்குக்கு அது உதவும். 45 ரூபாயை மிச்சம் பிடிக்க 4,000 ரூபாய்க் கூலியை இழக்கச் செய்தது என் குறிப்பு.

முன்னிருப்பு வைக்கும் சங்கம் அதைக் காக்கவும் வேண்டும். சுருட்டிய பாவையும் நூலையும் தரையிலும் சுவரிலும் படாமல் பலகைமேல் வைத்து, வெயில் கண்ட நாளில் அறையைத் திறந்துவிடுக. ஜரிகையை ஈரக் காற்றுப் படாமல் பொதிந்து வைக்காவிடில் அது கறுக்கும். தறிமேடைக்கு வெளியே சுற்றிலும் ஒரு சிறு வாய்க்கால் வெட்டுதல், கூரை ஒழுக்கை அடைத்தல் ஆகியவற்றுக்குச் சிறு கடன் வழங்குவது வீண் செலவன்று.

7. சங்கம் செய்யக்கூடியவை

முதலாவது, ஒவ்வொரு சங்கமும் ஒரு மழைமானி வைக்கட்டும். வாங்க இயலாவிடில், தட்டையான அடியும் நேரான பக்கங்களும் உடைய பாத்திரம் ஒன்றை, மரமும் சுவரும் மறைக்காத இடத்தில், மண் தெறிக்காத உயரத்தில் வைத்தாலும் ஓரளவு போதும். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து குறிக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் மழை என்பது ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 40,000 லிட்டர் நீர். அடுத்த பாசனத்தை எத்தனை நாள் தள்ளலாம் என்பதை இக்குறிப்பே சொல்லும். பத்து ஆண்டுக் குறிப்பு சேர்ந்தால், ஐந்து பகுதிகளின் சராசரியில் தெரியாத நம் ஊரின் போக்கு அதில் தெரியும்.

இரண்டாவது, பயிர்க் காப்பீட்டின் கடைசித் தேதி பயிருக்குப் பயிர் வேறுபடுவதால், அதை அறிவிப்புப் பலகையில் முன்கூட்டியே எழுதுக. 2016-இல் தொடங்கிய தேசியப் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், நிலச்சரிவு, வயலில் நீர் தேங்குதல் போன்ற வட்டார இடர்களுக்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்ற விதி உண்டு. பயிரை இழந்தவர் மூன்றாம் நாளும் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். அவருக்காகத் தகவல் எழுதித் தர ஒருவர் சங்கத்தில் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, மலைச் சங்கமும் பள்ளத்தாக்குச் சங்கமும் ஒன்றோடொன்று பேசட்டும். கோத்தகிரியில் இரவு பெய்த மழையின் அளவு விடியுமுன் கைபேசியில் கீழே வந்து சேருமானால், ஆற்றோரத்தில் உள்ளவர் மோட்டாரை அவிழ்த்து மேட்டில் வைக்கவும், பாவடிக்காரர் அன்றைய வேலையைத் தள்ளிவைக்கவும் நேரம் கிடைக்கும். கூட்டுறவு என்பது கடன் கொடுப்பதும் வாங்குவதும் மட்டுமன்று. மேலே இருப்பவர் அறிந்ததைக் கீழே இருப்பவர் உரிய நேரத்தில் அறிவதும் கூட்டுறவே.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க:

1. சென்ற ஐந்து ஆண்டுகளில் நம் ஊரில் மழையால் தறி நின்ற நாட்கள் எத்தனை? அதனால் இழந்த கூலி எவ்வளவு?

2. நமது அங்கத்தினரின் நிலங்களில் நீர் தேங்குபவை எவை? உறைபனி விழும் பள்ளங்கள் எவை? வரைபடம் ஒன்று எழுதுக.

3. சிவப்பு எச்சரிக்கை வந்தால் சரிவிலுள்ள வீடுகளுக்கு யார் சென்று சொல்வது? அவர்கள் எங்கே தங்குவது?

4. வரும் புரட்டாசிக்குள் எத்தனை பாவு முன்னிருப்பு வைக்க நமது மூலதனம் இடந்தரும்?

இவற்றுக்கு விடை எழுதி, நிர்வாகக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் சேர்த்துவிடுங்கள். பார்வையிட வரும் இன்ஸ்பெக்டர் அதைப் படிக்கட்டும். இருப்பு மிஞ்சியது என்று குறிப்பெழுதும் முன் வானத்தையும் ஒருமுறை பார்க்கட்டும்.